இருளாயி கொல்லையைச் சுற்றிப் போன ரயில்

“ஏம்மா, எங்க கொல்லையை எப்ப எடுப்பாங்க?” என்று இருளாயி அக்கா என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டது போர்வெல்லும் மோட்டார் ரூமும் உள்ள நிஜக் கொல்லையை, அதாவது கடலை போடும் நிலத்தை, ரயில் பாதைக்கு எடுப்பதைப் பற்றி. நான் காவலுக்கு நின்றது ஒரு பொம்மை ரயிலுக்கு. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறவள் என்பதால் அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். ‘யாரும் தொடாம பாத்துக்க, கேள்வி கேட்டாப் பதில் சொல்லு’ என்றார் ஏகாம்பரம் மாமா. ரயிலைப் பற்றிக் கேட்பார்கள் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

ஏகாம்பரம் மாமா எங்களுக்கு அடுத்த வீடு. திருவரங்குளத்தில் காது உள்ள எல்லோருக்கும் அவரைத் தெரியும். கோயில் விசேஷம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக்செட் கட்டுவதும் சீரியல் லைட் தொங்கவிடுவதும் அவர்தான். சில வருடங்களுக்கு முன் திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு லைட் போடப் போனார். சென்னையிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுக்காரர்கள், விசேஷத்தோடு விசேஷமாகப் பழைய சாமான்களையும் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். குப்பையில் ஒரு பெட்டி கிடந்தது. அதற்குள் ஒரு சாண் நீளத்தில் வெளிநாட்டு ரயில் இஞ்சின், நாலு பெட்டி, கொஞ்சம் தண்டவாளம். “வேணும்னா எடுத்துக்கங்க, ஓடாது” என்றார்களாம். மாமா வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்து, துடைத்து, கரண்ட் கொடுத்தார். ஓடியது.

“மனுசனுக்கு அம்பது வயசுல சர்க்கரை வரும், பிரசர் வரும்” என்று அவர் மனைவி ஆவுடையாள் அத்தை எங்கள் அம்மாவிடம் சொன்னார். “இவருக்கு ரயிலு வந்திருக்கு.”

இந்த நோய் நாட்டில் பலருக்கும் இருக்கிறது என்பதை மாமா போனில் கண்டுபிடித்தார். அவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. வருடத்தில் இரண்டு தடவை ஏதாவது ஒரு ஊரில் மண்டபம் பிடித்துக் கூடுவார்கள். ஒவ்வொருவரும் ஆறடிப் பலகை ஒன்றில் தன் ஊரைச் செய்து, குறுக்கே தண்டவாளம் போட்டுக் கொண்டுவர வேண்டும். பலகைகளை வரிசையாக ஒட்டி வைத்து எல்லா ஊர் வழியாகவும் ரயிலை விடுவார்கள். இதற்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. தண்டவாளம் பலகையின் இரண்டு ஓரத்திலும் சொன்ன இடத்தில்தான் வெளியே வர வேண்டும். விலகினால் பக்கத்துப் பலகையோடு சேராது, எல்லோருடைய ரயிலும் நின்றுவிடும். அதனால் புதியவர்களை எளிதில் சேர்க்க மாட்டார்கள்.

மாமா மூன்று வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த வருடம்தான் இடம் கிடைத்தது. ‘ஆவணி முதல் ஞாயிறு, திருச்சி. கரூர்க்காரர் பலகைக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர் பலகைக்கும் நடுவுல உங்க பலகை’ என்று அந்தக் குழுவை நடத்தும் கோபிநாத் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மாமா அதை ஆம்ப்ளிபயரில் மாட்டி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். தெருவே கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரை அவர் செய்த அழகைக் குறை சொல்ல முடியாது. கோயில், குளம், புதுக்கோட்டை ரோடு, ரேஷன் கடை, கண்ணுசாமி டீக்கடை, பின்னால் கொல்லைகள், கொல்லைக்குள் மோட்டார் ரூம்கள். ஊரில் இல்லாத ஒன்றே ஒன்றுதான் பலகையில் இருந்தது, ரயில். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. பாதை எப்படிப் போக வேண்டும் என்று மாமா யோசிக்கவெல்லாம் இல்லை. இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

திருச்சிக்குக் கொண்டுபோகும் முன் ஊரில் ஒரு தடவை ஓட்டிக் காட்டலாம் என்று ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தைக் கேட்டு வாங்கினார். அப்போதுதான் வெற்றிசெல்வன் அண்ணன் இந்த விஷயத்துக்குள் வந்தார். அவர் எங்கள் பகுதிக் கட்சிப் பிரமுகர். எந்தக் கட்சி என்று எழுதினால், நீங்கள் இதைப் படிக்கும்போது தவறாக இருக்கலாம். ஃபிளெக்ஸ் என் பொறுப்பு என்றார் அவர். புதுக்கோட்டையில் அடித்து வந்தது. ‘திருவரங்குளம் ரயில் நிலையம், அனைவரும் வருக’ என்று பெரிதாக இருந்தது. நடுவில் ‘மாதிரிக் காட்சி’ என்றும் ஒரு வரி இருந்ததாம். அந்த இடத்தில் வெற்றிசெல்வன் அண்ணனின் கும்பிட்ட கை வந்துவிட்டது. கைக்குக் கீழே ‘நன்றி’ என்று எழுதியிருந்தது. யாருக்கு, எதற்கு என்று எழுத இடமில்லை.

ஊரே திரண்டு வந்தது. இஞ்சின் விளக்குப் போட்டுக்கொண்டு அழகாக ஓடியது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் பலகைமேல் குனிந்து அவரவர் நிலத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்டேசனை என் கடைக்கு எதுக்க வையி ஏகாம்பரம்” என்றார் டீக்கடை கண்ணுசாமி. “அங்கிட்டுக் கொண்டுபோயி வச்சா எவன் டீ குடிப்பான்?”

“இது வெளையாட்டு ரயிலுய்யா.”

“ஆமாமா. வெளையாட்டுக்குத்தான் வெற்றிசெல்வன் வாசல்ல கும்பிடு போட்டுக்கிட்டு நிக்கிறாரு.”

இருளாயி அக்கா கோயிலிலிருந்து விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். குளம், ரோடு, வேப்பமரம். பிறகு ஒரு மோட்டார் ரூம், அதற்கு நீலக் கதவு. விரல் நின்றது. தண்டவாளம் அந்த ரூமை உரசிக்கொண்டு போர்வெல்மேல் போனது. அப்போதுதான் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இது பொம்மைக்கா” என்றேன்.

“பொம்மைன்னா என் மோட்டார் ரூம்புக்கு நீலப் பெயிண்டுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? வந்து அளந்துட்டுல்ல போயிருக்காரு.”



அதற்கு அடுத்த வாரம் ஊர் முழுக்கக் கடலை விதைத்தார்கள். இருளாயி அக்கா கொல்லை மட்டும் உழுதது உழுதபடி கிடந்தது. தனியாளாக அந்த ஒரு கொல்லையை வைத்துத்தான் பிழைக்கிறார். உடைத்த விதைப்பருப்பு சாக்கில் இருந்தது. ஆடி முடிந்துகொண்டிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு மாமா அவர் வீட்டுக்கே போனார்.

“ரயிலும் வரல, ஒண்ணும் வரல. நீ வெதையம்மா.”

“எடுக்கப்போற நெலத்துல எதுக்குண்ணே வெதைக்கணும்? ஒங்களைக் குத்தம் சொல்லல. மேல என்ன சொன்னாங்களோ அதைச் செய்யிறீங்க.”

தனக்கு மேலே இருப்பது ஆவுடையாள் மட்டும்தான் என்று மாமா சத்தியம் செய்தார். அக்கா காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

அடுத்து மாமாவும் நானும் வெற்றிசெல்வன் அண்ணனிடம் போனோம். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று மாமா கேட்டார். அண்ணன் வருத்தப்பட்டார். “ரயில் வராதுன்னு நான் எப்படி மாமா சொல்றது? வரும்னுதான் இந்த ஊர்ல ஓட்டுக் கேட்ட எல்லாரும் சொல்லியிருக்காங்க. வராதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லையே.”

மாமாவுக்கு வேறு வழி தோன்றியது. பலகையிலிருந்து அந்தக் கொல்லையையே எடுத்துவிட்டால் சண்டையே இல்லை. எடுத்துவிட்டு அந்த இடத்தில் தைலமரக் காடு வைத்தார். காலையில் இருளாயி அக்கா வந்தார். பலகையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இப்பவே எடுத்துட்டீங்களாண்ணே?”

அக்கா எழுந்திருக்கும் முன்பே கொல்லை திரும்ப வந்துவிட்டது, நீலக் கதவோடு. நிலம் எடுத்ததை இவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுத்தவர் இந்த மாவட்டத்தில் ஏகாம்பரம் மாமாவாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று மாலை பலகைக்கு முன்னால் அத்தையும் மாமாவும் நின்றார்கள்.

“தண்டவாளத்தைத் தள்ளி வச்சாத்தான் என்ன?” என்றார் அத்தை.

“தள்ளி வச்சா இந்த ஓரத்துல ஒரு கை அகலம் வெலகிப் போயிரும். ஸ்ரீரங்கத்துக்காரர் பலகையோட சேராது.”

“வளைச்சுக் கொண்டாந்து சேத்துருங்க.”

“கொல்லைக்கும் ஓரத்துக்கும் நடுவுல எடமே இல்ல. அவ்வளவு வளைச்சா இஞ்சினு குப்புற விழுந்துரும்.”

“வெதைச்சதுக்கப்புறம் பழையபடி மாத்திக்கங்க.”

“பசை போட்டு ஜல்லி ஒட்டுனது. பேத்து மறுபடி ஒட்டிக் காயிறதுக்குள்ள ஆவணி வந்துரும். ஒரு தடவைதான் மாத்த முடியும்.”

“அப்ப சேராது.”

“சேராது.”

“மாத்தலைன்னா அந்தப் புள்ள வெதைக்காது.”

“வெதைக்காது.”

அத்தை தோசை ஊற்றப் போய்விட்டார். மாமா சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டை எடுத்துவந்து, தண்டவாளத்தின் முதல் துண்டைப் பலகையிலிருந்து நெம்பினார். டிக்கென்று சத்தம் கேட்டது. நான் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புதிய பாதை இருளாயி அக்கா கொல்லையைச் சுற்றிக்கொண்டு, குளக்கரை ஓரமாகப் போய், போகக் கூடாத இடத்தில் வெளியே வந்தது. அக்கா வந்து விரல் வைத்துப் பார்த்தார். மறுநாள் விதைத்தார். விதைத்த பிறகும் தினம் காலையில் ஒரு எட்டு வந்து பாதையைப் பார்த்துவிட்டுத்தான் கொல்லைக்குப் போனார். நம் மக்கள் ஒரு அறிவிப்பை அவ்வளவு சுலபமாக நம்பிவிடுவதில்லை.

தண்டவாளம் நகரும் என்று தெரிந்ததும் ஊருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒருவர் பட்டா நகலோடு வந்தார். ஒருவர் தன் பங்காளியின் நிலம் வழியாகத் திருப்பச் சொல்லிக் கோழி கொண்டுவந்தார். அத்தை கோழியைத் திருப்பி அனுப்பியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கண்ணுசாமி தன் கடைக்கு ‘ஸ்டேஷன் டீ ஸ்டால்’ என்று பெயர் மாற்றிவிட்டார். வெற்றிசெல்வன் அண்ணன் இரண்டாவது ஃபிளெக்ஸ் வைத்தார். ‘விவசாயிகளின் கண்ணீர் துடைக்க ரயில் பாதையையே மாற்றியமைத்த’ என்று தொடங்கி அவர் பெயரில் முடிந்தது.

ஆவணி முதல் ஞாயிறு மைக்செட் லோடு ஆட்டோவில் பலகையை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனோம். பலகை ஆடாமல் பிடித்துக்கொள்ள அத்தையும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். பாதை விலகியதை மாமா போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர் சொல்லவில்லை.

கோபிநாத் சார் பேங்க் அதிகாரி. பலகையைப் பார்த்து முதலில் முகம் மலர்ந்தார். பிறகு வலது ஓரத்தைப் பார்த்தார்.

“இங்க ஏன் சார் வெலகியிருக்கு?”

மாமா எல்லாவற்றையும் சொன்னார்.

“ஒரு பொம்மைத் தண்டவாளத்துக்காகவா சார்?” என்றார் கோபிநாத் சார்.

“கடலை மொளைச்சிருச்சுங்க” என்றார் மாமா.

அது அவருக்குப் புரிந்தது. ஆனால் விதி விதிதான். கரூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் கைவசமிருந்த, தண்டவாளம் மட்டும் போட்ட ஒரு வெறும் பலகையை வைத்தார்கள். அதில் கோயில் இல்லை, குளம் இல்லை, கொல்லை இல்லை, ஒரு மனிதர்கூட இல்லை. ரயில் அதன்மேல் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது.

எங்கள் ஊரைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் வைத்தார்கள். மாமா தன் இஞ்சினை அதில் ஓட்டினார். வலது ஓரம் வரைக்கும் போகும், நிற்கும், பின்னாலேயே திரும்பி வரும். அங்கே நடுக்கூடத்தில் மற்ற ரயில்கள் எல்லா ஊரையும் சுற்றிக்கொண்டிருந்தன. மாமா அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் கஷ்டப்பட்டார். சாப்பிட்டுக் கை கழுவ வந்தவர்கள் ஈரக் கையோடு நின்று, “பாதை ஏங்க இப்படிச் சுத்திப் போகுது?” என்று கேட்டார்கள். “அங்க ஒருத்தவங்க கொல்லை இருக்குங்க” என்று அத்தைதான் பதில் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் அலுக்காமல் சொன்னார்.

புறப்படும்போது கோபிநாத் சார் ஆட்டோ வரைக்கும் வந்தார். “தை மாசம் மதுரையில கூடுறோம். ஒங்க எடத்தை எழுதி வச்சுக்கிறேன். ஆனா சார், அடுத்த தடவை கற்பனை ஊரா செஞ்சுருங்க. கடைசி வாய்ப்புன்னு வச்சுக்கங்க.”

மாமா அப்படியே செய்கிறார். யாருடைய ஊரும் இல்லாத ஒரு ஊர். யாருக்கும் சொந்தமில்லாத வயல். பின்னால் அழகுக்காக ஒரு மலை, மலைமேல் ஒரு கோயில். தண்டவாளம் இரண்டு ஓரத்திலும் மயிரிழை பிசகாமல் வந்திருக்கிறது. பாதி முடிந்த பலகையைக் கண்ணுசாமி தன் போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பியிருக்கிறார்.

போன வாரம், அதேபோல மலைமேல் கோயில் உள்ள விராலிமலையிலிருந்து ஒருவர் மாமாவுக்குப் போன் செய்தார். மலைக்குக் கீழே அவருக்கு ஒரு தோப்பு இருக்கிறதாம், பாதை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டார். முந்தாநாள் இரண்டு பேர் பைக்கில் நேரிலேயே வந்துவிட்டார்கள். அது விராலிமலை இல்லை, தெர்மாகோல் என்று மாமா சொன்னார். அவர்கள் நம்பவில்லை. நேற்று மாமா, தண்டவாளத்தை நெம்பிய அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன்.

அதனால்தான் இதை எழுதினேன். படித்தவர்கள் தயவுசெய்து தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். விராலிமலைப் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் அவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். போனில் படிக்காதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். எந்த ரயிலும் வரவில்லை, உங்கள் தோப்பு பத்திரமாக இருக்கிறது, தை வரைக்கும் ஏகாம்பரம் மாமாவிடம் யாரும் பட்டாவோடு வர வேண்டாம்.