நெலுப்பூவுக்கு ஒரு சாட்சி

மருதமுனையில் முனவ்வறாவிடம் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு லேசில் தப்ப முடியாது. கல்முனைச் சந்தைக்குள் பெரிய பாம்பு புகுந்ததாம் என்று யாராவது வாயெடுத்தால், "நீங்க கண்டதா, கேட்டதா?" என்பாள். கேட்டது என்றால், சொன்னது யார், அவராவது கண்டாரா என்று கிளறிக்கொண்டே போவாள். கடைசியில் பாம்பு போய் ஒரு விலாங்கு மீன் மிஞ்சும். ஆசையாகக் கதை சொல்ல வந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? தெருப் பெண்கள் அவளுக்குத் தெரியாமல் கதைக்கப் பழகிக்கொண்டார்கள். அவளுக்கோ யாரையும் மடக்கும் எண்ணமில்லை. உள்ளது எது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை ஷரிபுதீன். முனவ்வறா வீட்டுத் தறியில் நெய்யும் சேலையையும் ஆண்கள் உடுத்தும் சாறனையும் பொட்டணமாகக் கட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போவான். தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி விற்றுவிட்டு வருவான். நல்ல மனுஷன்தான். ஆனால் எதையும் கண் காது மூக்கு வைத்துச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சொன்ன மாதிரியே இருக்காது.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒருமுறை அவன் திரும்பி வந்ததும் வராததுமாகத் தறியடியில் வந்து குந்திக்கொண்டான்.

"முனவ்வறா, பட்டிப்பொல ஸ்டேஷனுக்கு மேல ஏறினா ஒரே புல்லு. கண்ணுக்கெட்டின மட்டும் புல்லு. அந்தப் புல்லோரமெல்லாம் ஊதாவா ஒரு பூப் பூத்துக் கிடக்கு புள்ள. நெலு எண்டு சிங்கள ஆக்கள் சொல்ற. பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்காத்தான் பூக்குமாம். எல்லாச் செடியும் ஒண்டாப் பூத்து, விதை உழுந்த மறுகா எல்லாம் ஒண்டாச் செத்துப் போகுமாம்."

தறி நின்றது.

"செடி எவ்வளவு உயரம்?"

"என்ட நெஞ்சு மட்டும்."

"பூ?"

"மணி மாதிரி. சின்ன விரல் உள்ள போகும்."

"மணக்குமா?"

ஷரிபுதீன் முழித்தான். "மணந்து பாக்கல்லயே."

"பன்னெண்டு வருஷம் எண்டு ஆரு சொன்ன?"

"ஒரு கங்காணி."

"அவர் எத்தினை தரம் கண்டிரிக்கார்?"

"அது தெரியா. நான் கேக்கல்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு தூரம் போய், பூவுக்குப் பக்கத்தில் நின்று, அதை ஒருமுறை முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லையே இந்த மனுஷனுக்கு!

ஆனால் அந்தப் பூ அவளை விடவில்லை. படித்தவர்கள் அதைக் குறிஞ்சி என்பார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. செடிக்கு வருஷக் கணக்கை யார் சொல்வது என்பதுதான் அவளைக் குடைந்தது. ஒரு விதை பிந்தி முளைத்தால் அது பிந்திப் பூக்குமா, இல்லை மற்றவற்றோடு ஓடிச் சேர்ந்துகொள்ளுமா? மலைக்கு இந்தப் பக்கத்துச் செடிக்கு அந்தப் பக்கத்துச் செடி பூத்தது எப்படித் தெரியும்? இதையே நினைத்துக்கொண்டு நெய்ததில், ஒரு சேலையின் சிவப்புக் கரைக்குள் ஊதா நூலை ஓட்டிவிட்டாள். பிரித்து நெய்ய அரைநாள் போயிற்று.

ஷரிபுதீன் வீட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தேத்தண்ணிக் கடையில் போய் அவிழ்த்துவிட்டான். கடை சிரித்தது. பன்னிரண்டு வருஷம் பொத்திக்கொண்டிருந்து பூக்கும் பூவா என்று கேட்டுச் சிரித்தது. சிரிப்பை அவனால் தாங்க முடியாது. சிரிப்பவர்களின் வாயை அடைக்க இன்னொன்றை எடுத்துவிட்டான்.

"அந்த விதையத் தின்னுற காட்டுக்கோழிக்குக் கள்ளுக் குடிச்ச மாதிரி வெறி புடிச்சி உழுந்து கிடக்கும். நானே ரெண்டக் கையால புடிச்சி அறுத்து ஆக்கித் தின்னன்."

"வெறிச்ச கோழி ஹலாலா, ஹறாமா காக்கா?" என்றான் ஒருவன்.

அவ்வளவுதான், ஊருக்கு ஒரு மாதத்துக்கான சிரிப்புக் கிடைத்துவிட்டது. மூத்தவர்களைக் காக்கா என்பது ஊர் வழக்கம்; ஷரிபுதீனின் பெயர் நெலுக்காக்கா ஆயிற்று. யார் எதைக் கூட்டிச் சொன்னாலும் நெலுப்பூக் கதை என்றார்கள். வீட்டில் முனவ்வறா அந்தக் கோழியையும் கிளறிப் பார்த்தாள். என்ன நிறம், எவ்வளவு கனம், எந்த இடத்தில், யாருடைய சட்டியில் ஆக்கியது என்று எதைக் கேட்டாலும் சுடச்சுடப் பதில் வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஷஃபான் மாதம் முடியும் தறுவாயில், நோன்புக்குப் பிறை பார்க்கும் நாள் வந்தது. ஊரின் கிழக்கே கடல், மேற்கே வயல். பொழுது சாயும் மஃரிபு நேரத்தில் சனமெல்லாம் வயலோரம் கூடி மேற்கைப் பார்த்தது. வானம் முழுக்க மேகம். நாளைக்கு நோன்பில்லை என்று எல்லாரும் கலைந்தார்கள். ஷரிபுதீன் மட்டும் வயல் வரம்பில் நின்றான். மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. பிறையைக் கண்டான். பள்ளிவாசலுக்கு ஓடினான்.

நோன்பு தொடங்க ஒருவர் சாட்சி போதும். ஆனால் அவர் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். பள்ளியில் ஸைனுலாப்தீன் மரைக்கார் இருந்தார். முனவ்வறாவின் தாய்வழிக் குடிக்குப் பள்ளியில் பொறுப்பான பெரியவர் அவர். ஷரிபுதீன் மூச்சிரைக்கச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"காக்கா, கோழியப் புடிச்ச கையாலயா பிறையையும் புடிச்ச?"

பள்ளிக்குள்ளேயே சிரித்துவிட்டார்கள். மரைக்கார் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு நோம்பில்ல" என்றார்.

ஷரிபுதீன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுச் சுவரோடு சாய்ந்தான். "ஆரும் நம்பல்ல புள்ள" என்றான். அந்த முகத்தை முனவ்வறா அதுவரை கண்டதில்லை.

இப்போது வில்லங்கம் அவளுக்கு. பிறையைக் கண்டவன், ஊர் ஒப்பாவிட்டாலும் நோன்பு பிடித்தாக வேண்டும். அவனை நம்புகிறவளும் பிடிக்க வேண்டும். நம்பாதவள் பிடிக்கக் கூடாது. சந்தேகத்தோடு அந்த நாளில் நோன்பு வைப்பது பாவம். நம்பினேன் நம்பவில்லை என்று மழுப்ப இடமில்லை.

"பிறை எங்கால நிண்ட?"

"பெரிய வாய்க்காலுக்கு நேர, தென்ன மரத்துக்கு மேலால."

"கொம்பு எந்தப் பக்கம் சரிஞ்ச?"

"தெரியா."

"எவ்வளவு நேரம் நிண்ட?"

"தெரியா புள்ள. ஒரு கீறல். மேகம் மூடிட்டு."

தெரியா என்ற சொல் அவளுக்கு அத்தனை இனிப்பாக ஒருநாளும் இருந்ததில்லை. கோழியைக் கேட்டபோது அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பூவைக் கேட்டபோது பாதிதான் தெரிந்தது. கண்டவனுக்குக் கண்டது மட்டும்தானே தெரியும்?

"விடியமுன்னச் சஹருக்கு ரெண்டு பேருக்கும் சோறு வைக்கிறன்" என்றாள்.

மறுநாள் பகலில் பக்கத்து வீட்டு றுகையா ராத்தா கொழுக்கட்டையோடு வந்தாள். "சூடா இரிக்கி, ஒண்டத் தின்னு கா."

"நான் நோம்பு, ராத்தா."

றுகையா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கொழுக்கட்டை ஆறுவதற்குள் செய்தி தெருவைச் சுற்றிவிட்டது. ஊரையெல்லாம் கண்டதா கேட்டதா என்று குடைந்தவள் நெலுக்காக்காவின் பிறையை விழுங்கிவிட்டாள் என்று கிணற்றடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வருஷக்கணக்கில் அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வட்டியோடு தீர்த்துக்கொண்டார்கள். முனவ்வறாவுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. நோன்பை மட்டும் விடவில்லை.

அடுத்த நாள் ஊரும் நோன்பைத் தொடங்கியது. மாதம் ஓடியது. ஊருக்கு இருபத்தெட்டாம் நோன்பு. அன்று யாரும் பிறை பார்க்கப் போகவில்லை, போக வேண்டிய நாளுமில்லை. வயலிலிருந்து திரும்பியவர்கள்தான் முதலில் கண்டார்கள். துடைத்து வைத்த வானத்தில், கிழவர் கண்ணுக்கும் தப்பாதபடி பிறை நின்றது. இருபத்தெட்டு நாளில் எந்த மாதமும் முடியாது. அப்படியென்றால் தலைநோன்பை ஊர் விட்டிருக்கிறது. பள்ளியில் பெருநாள் தக்பீர் கேட்டது. முனவ்வறா வீட்டு வளவுக்குள் நின்று அந்தப் பிறையைப் பார்த்தாள், கண் கலங்கி அது இரண்டாகத் தெரிந்தது.

பெருநாள் தொழுகை முடிந்ததும் ஸைனுலாப்தீன் மரைக்கார் நேரே அவர்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஒரு கூட்டமும் வந்தது. முனவ்வறா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஷரிபுதீன், பிழை எங்கட. ஊரெல்லாம் உட்ட ஒரு நோம்பப் புடிச்சிக் கழாச் செய்யணும். பொறுத்துக்க" என்றார் மரைக்கார். சொல்லிவிட்டும் அவர் எழும்பவில்லை. தொப்பியைச் சரிசெய்தார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்டு கேக்கணும். அந்த மலைப்பூ... கோழி... அதெல்லாமும் மெய்யா?"

கூட்டம் கழுத்தை நீட்டியது. இன்றைக்கு இவன் யானை வெறித்து விழுந்தது என்றாலும் நம்புவார்கள். பட்ட அவமானத்தையெல்லாம் ஒரே வாயில் கழுவிவிடலாம். ஷரிபுதீன் நிமிர்ந்து உட்கார்ந்ததை முனவ்வறா கதவு இடுக்கால் கண்டாள். யா அல்லாஹ், இந்த மனுஷன் இப்போது வாயை விடப் போகிறான்.

"பூவக் கண்டன், மரைக்கார்" என்றான் ஷரிபுதீன். "கோழியப் புடிக்கல்ல. காணவுமில்ல. அது நான் கேட்ட கதை."

யாரும் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் முனவ்வறா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறை தெரிந்த அந்தியில்கூட அவள் இப்படி அழவில்லை.