வளைவே இல்லாத கடலில்

மார்கழியில் என் மைத்துனர் ஏலக்காய்க் கடையைப் பூட்டிவிட்டு, தூத்துக்குடியில் ஒரு படகை ஒரு நாள் வாடகைக்குப் பேசினார். அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக மலையடிவாரத்துப் போடியில் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். என் கையால் பிடித்த சீலா மீனைத்தான் இலையில் வைப்பேன் என்று அவர்களிடம் போனில் சொல்லித் தொலைத்திருந்தார். துணைக்கு நான்கு ஏலக்காய் வியாபாரிகள். பிறகு நான்.

வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் சும்மா ஏறமாட்டான். படகின் பதிவுச் சான்று, ஓட்டுபவரின் உரிமம், ஆளுக்கொரு மிதவை அங்கி, எல்லாம் சரிபார்த்தேன். உட்கார்ந்த இடத்தை விட்டு எழக்கூடாது என்பது மட்டுமே படகோட்டி சொன்ன விதி. அதை மற்றவர்களுக்கு நான் இரண்டு முறை விளக்கினேன்.

காலையில் வாடைக்காற்று லேசாக வீசியது. தூண்டில்களில் ஒன்றும் சிக்கவில்லை. பத்து மணிக்குக் காற்று திசை மாறி, கிழக்கிலிருந்து வீசும் கொண்டலாகி வலுத்துவிட்டது. படகோட்டி தண்ணீரைப் பார்த்துவிட்டு, கரைக்குப் போகலாம், தூண்டிலைச் சுருட்டுங்கள் என்றார். அப்போதுதான் மைத்துனரின் தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. பத்தடி தூரத்தில் சீலாவின் வெள்ளி முதுகு தெரிந்தது.

திடீரென்று ஓர் அலை மோதிப் படகு இடப்பக்கம் சாய்ந்தது. போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஜீப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால் எல்லோரும் மலைப்பக்கம் ஒதுங்குவோம். யாரும் சொல்லித் தருவதில்லை, உடம்பே செய்யும். ஆறு பேரும் ஒரே தாவலில் வலப்பக்கம் விழுந்தோம். முதலில் தாவியவன் நான். அடுத்த நொடியில் அலை கடந்து, படகும் எங்களோடு வலப்பக்கமே சரிந்தது. கோல் நெகிழ்ந்தது, மீன் தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டது.

"ஏன் அண்ணாச்சி எல்லாரும் சேர்ந்து ஓடுதிய?" என்றார் படகோட்டி.

"பள்ளம் அந்தப் பக்கம்ல இருந்துச்சு," என்றார் மைத்துனர்.

கரையில் படகோட்டி வேறு படகிலிருந்து ஒரு சீலா வாங்கித் தருவதாகச் சொன்னார். மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். விதிப்படி அது உங்கள் கையால் பிடித்த மீன் ஆகாது என்றேன். அவர் வெறுங்கையோடு போடி வண்டியில் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. இலை போட்டதும் நடந்ததை ஒன்றுவிடாமல் மைத்துனரே சொல்லிவிட்டார். சம்பந்தியம்மா மலை எஸ்டேட்டுக்கு வாரம் இரண்டு தடவை ஜீப்பில் ஏறி இறங்குகிறவர். படகு எந்தப் பக்கம் சரிந்தது, நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். மைத்துனர் இரண்டையும் கையால் காட்டினார்.

"சரியாத்தானே அண்ணே சாஞ்சிருக்கீங்க," என்று சொல்லி, குழம்பை ஊற்றச் சொன்னார்.