சலூன் துரை அடித்த சதங்கள்

முதியோர் எழுத்தறிவு வகுப்பு நண்பர்களே, இன்று பட்டாபிராம் சலூனில் எழுத்துக் கூட்டி நானே பேப்பர் படித்தேன்!

என் அபிமான கிரிக்கெட் வீரர் ஓய்வு பெற்றுவிட்டார். மொத்தம் பதினொரு சதம் அடித்திருக்கிறாராம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக என் முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டே பேப்பரைப் படித்துச் சொன்னவர் சலூன் துரை. அவர் சொன்ன சதங்கள் முப்பதைத் தாண்டும்.

"இன்னா துரை, மீதி சதமெல்லாம் யாரு அடிச்சது?"

"நான்தான் நைனா. அவரு சீரோல அவுட்டுன்னா நீ துள்ளுவ. என் கைல கத்தி கீது. உன் தாடைக்கோசரம் அடிச்சேன்."

கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை.

அடுத்த ஷேவுக்கும் பேப்பரை அவரிடமே கொடுக்கப்போகிறேன். ஓய்வு பெற்றவர் இன்னும் எத்தனை சதம் அடிப்பார், சொல்லுங்கள் பார்ப்போம்!