சகலையின் சவரக்கத்திப் பெட்டி

அந்தச் சவரக்கத்தியின் அலகில், முனையிலிருந்து ஒரு விரல் தள்ளி, மூன்று கரும்புள்ளிகள். மிளகை நுணுக்கித் தூவியது போலச் சிறியவை. துருவைச் சுரண்டி எடுத்த பிறகும் மிஞ்சிய குழிகள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் என் மேசைமேல் இரண்டு ஆண்டுகளாக இருந்த அந்தக் கத்தியைத் தினமும் பார்த்தேன். அது என் மாமனாருடையது. அவர் அதை எனக்குத் தரவில்லை.

தந்தது என் சகலைக்கு, அதாவது என் மனைவியின் தங்கை கணவருக்கு. கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பித்தவன். பழைய சவரக்கத்திகளை வாங்கித் துரு நீக்கித் தீட்டுவது எங்கள் இருவருக்கும் பொழுதுபோக்கு. ஆரம்பித்தது நான்தான். புத்தகங்கள் படித்தேன், விலையுயர்ந்த தீட்டுக்கற்கள் வாங்கினேன், அலகை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். உருப்பெருக்கியில் என் கூர்மைக்குக் குறை சொல்ல முடியாது. கன்னத்தில் வைத்தால் இழுக்கும். சகலையோ கல்லில் நீர் தெளித்து, ரேடியோ கேட்டபடியே தீட்டுவார். அலகின் குறுக்கே கட்டைவிரலை லேசாகத் தடவிவிட்டு, "வந்துருச்சுண்ணே" என்பார். வந்திருக்கும்.

மாமனார் படுக்கையில் கிடந்த கடைசி எட்டு மாதங்களும் என் வீட்டில்தான். கஞ்சி ஊட்டியது, துணி மாற்றியது எல்லாம் நானும் மனைவியும். சகலை ஞாயிற்றுக்கிழமைகளில் கொமுட்டர் ரயிலில் வருவார், தாம் தீட்டிக்கொடுத்த மாமனாரின் கத்தியாலேயே அவருக்குச் சவரம் செய்வார், சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒரு புதன்கிழமை நான் சோப்பு நுரையோடு கட்டிலருகே போய் நின்றேன். மாமனார் தாடியைத் தடவிக்கொண்டு, "இருக்கட்டும் மாப்ள. ஞாயித்துக்கெழம சின்னவரு வந்துருவாருல்ல" என்றார். நுரை என் கையிலேயே காய்ந்தது. கத்தி சின்ன மாப்பிள்ளைக்கு என்று அவர் சொல்லிவிட்டுப் போனபோது, அதுதான் முறை என்று எல்லோர் முன்னும் பேசியவனும் நான்தான்.

அடுத்த ஆண்டு கிள்ளானுக்குப் போயிருந்தேன். சகலை தம் கத்திகளுக்கென்று தாமே செய்த மரப்பெட்டியைக் காட்டினார். ஈரக்காற்று புகாதிருக்க மூடியைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருந்தார். உள்ளே பதினொரு கத்திகள். நடுவில் மாமனாருடையது. பக்கத்தில் புதிதாக வாங்கிய ஒன்று, தேன்நிறக் கைப்பிடியோடு.

"கலரப் பாருங்கண்ணே. கடைத் தவுக்கே, அந்தச் சீன மொதலாளி, விக்கவே மாட்டேன்னான். ரெண்டு வாரம் அலைய விட்டுட்டான்லா."

குனிந்தேன். புளித்த நெடி அடித்தது. கைப்பிடி விரலில் பிசுபிசுத்தது, பித்தளை ஆணியைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. அது செல்லுலாய்டு, பழங்கால பிளாஸ்டிக். அது சிதையத் தொடங்கினால் அமில வாயு கசியும். அடைத்த பெட்டிக்குள் பக்கத்தில் இருக்கும் எஃகை எல்லாம் அரித்துவிடும். அன்றே தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் வேதியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

"எப்படிண்ணே இருக்கு?"

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க தம்பி" என்றேன். மூடியை நானே அழுத்தி மூடினேன்.

அந்த வாரமே சகலையும் கொழுந்தியாளும் மகளின் பிரசவத்துக்காக ஜொகூருக்குப் போனார்கள். நான்கு மாதம் கழித்து வந்து பெட்டியைத் திறந்தபோது பதினொன்றும் துருப்பிடித்திருந்தன. மற்றவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மாமனாருடையதை மட்டும் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

"எண்ணெ சரியா போடல போலருக்கு. என் தப்புதான். உங்ககிட்டயே இருக்கட்டும்ணே. மாமா அப்பவே உங்களுக்குக் குடுத்துருக்கணும்."

நான் வெகுநாள் கேட்க ஏங்கிய பேச்சு அது. வாங்கிக்கொண்டேன். அதன்பின் சகலை கல்லைத் தொடவில்லை, கடையில் விற்கும் பிளாஸ்டிக் ரேசருக்கு மாறிவிட்டார். நான் இரண்டு ஆண்டுகள் தீட்டினேன். ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகளின் அருகில் அலகு பொடிந்தது.

போன மாதம் கத்தியை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மூடும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"நாலு மாசம்ணே. ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல."

"அடிச்சிருக்கலாம்."

அவர் கையை நீட்டினார். "கத்தியக் குடுங்க." வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழுத்தித் தேச்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கல்லைக் கொண்டுவந்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. கல்லில் அலகு சீராகப் போய்வரும் ஓசை கேட்டது. மன்னிப்புக் கேட்கப் போய் நின்ற அந்த இடத்திலும், இந்தக் கை எனக்கு வாய்க்கவில்லையே என்றுதான் என் மனம் புழுங்கியது.

கத்தியை அவரிடமே விட்டு வந்தேன். இப்போது மேசைமேல் அது இல்லை. அது கிடந்த இடத்தில் நீளவாக்கில் ஓர் எண்ணெய்க்கறை. அந்த மூன்று புள்ளிகளும் போய்விட்டனவா என்று கேட்க, தொலைபேசியைக் கையில் எடுக்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.