சுஃப்யான் அழித்த எட்டுப் பாட்டு

பொள்ளாச்சியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் வரும். அவசரமாக வருவது சாவு மட்டும்தான். உடல் வீடு வந்து சேர்வதற்குள் ‘கண்ணீர் அஞ்சலி’ தெருமுனையில் நின்றாக வேண்டும். போன ஆடியில் ரூபனுக்கும் நான்தான் அடித்தேன். இருபத்தொன்பது வயது, டெங்கு. பெயருக்குக் கீழே ‘பாடகர்’ என்று நானாகவே போட்டிருந்தேன். தென்னந்தோப்புக்காரரான அவனுடைய அப்பா நஞ்சப்பன் திரையைப் பார்த்துவிட்டு, “அத எடுத்துப்போட்டு பி.இ.ன்னு போடு அம்மணி” என்றார். ரூபன் இரண்டாம் வருஷமே காலேஜை விட்டவன். வாங்காத பட்டத்தை ஒட்டித்தான் அவனை அனுப்பிவைத்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பக்கத்துக் கடை சுஃப்யானைப் பற்றி. நல்ல மனுஷர். அந்த நல்ல குணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு ரிக்கார்டிங் அறை. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி ஊர் சுற்றுகிற விளம்பரங்கள், கோயில் நோம்பி அறிவிப்புகள், இறப்புச் செய்திகள் எல்லாம் அங்கேதான் பதிவாகும். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கத் தென்னை நார் மெத்தை அடித்திருக்கிறார். எங்கள் கடைகளுக்கு நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. மெத்தையையும் மீறி எனக்குப் பாதி கேட்டுவிடும்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேசியவருக்கே பதிவு சொந்தம். அவர் போய்விட்டால் வாரிசுக்கு. அழிக்கச் சொன்னால் கண் முன்னாலேயே அழித்துக் காட்டுவார். ஒரு தேர்தலில் வேட்பாளர் ஒருவர், மைக் அணைந்துவிட்டது என்று நினைத்துச் சொந்தக் கட்சிக்காரரையே வாய்க்கு வந்தபடி திட்டியது அவரிடம் மாட்டியிருந்தது. எதிர்த்தரப்பு கெஞ்சியது, மிரட்டியது. “அது என்ற பொருளில்லீங்க” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அந்த நாணயத்தைக் கேள்விப்பட்டுத்தான் ரூபன் அவரைத் தேடி வந்தான். கோயம்புத்தூர் காலேஜ் விழாக்களில் அவனுக்குக் கூட்டம் அலைமோதும். எங்கள் பேச்சிலேயே எழுதி, அதற்கு டிஸ்கோ தாளம் போட்டுப் பாடுவான். ஒரு யூடியூப் பேட்டியில் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். “எனக்குப் பசங்களத்தானுங்க புடிக்கும். இதுல மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது?” என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் மரியாதை வைத்துத்தான் சொன்னான். மறுநாளே நஞ்சப்பன் வீட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டார். நாலு வருஷம் அப்பனும் மகனும் பேசவில்லை.

அவனுடைய யூடியூப் சேனலில் மூன்று பாட்டுகள் வந்திருந்தன. அடுத்த எட்டையும் அவன் சுஃப்யானிடம் பதிவு செய்தான். அதில் ஒளிவுமறைவே கிடையாது.

‘உடுமலை பஸ்ஸுல ஒட்டுன சீட்டு,
எறங்குற வரைக்கும் அதாங்க எம் ஊடு’

என்று ஒன்று. சீட்டில் பக்கத்தில் இருந்தவன் திருமூர்த்தி. கருமத்தம்பட்டியில் தறி மெக்கானிக். எட்டாவது பாட்டு அவன் பெயரில்தான் தொடங்கும். அச்சடிப்பதை நிறுத்திவிட்டு அதைக் கேட்டிருக்கிறேன். என்னோடு படித்தவன் ஒருவனும் ரூபனைப் போலத்தான், அதை யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனான். இந்தப் பாட்டு அப்போதே வந்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

பாடுவதற்கு முன் எல்லாரும் மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ என்பார்கள். ரூபன் ஒவ்வொரு தடவையும், “அப்பா, சாப்புட்டீங்களா? தேங்கா போட்டாச்சுங்களா?” என்பான். சொல்லிவிட்டு மூச்சை இழுத்துப் பாட ஆரம்பிப்பான்.

அவன் இறந்ததும் போனும் லேப்டாப்பும் நஞ்சப்பன் கைக்குப் போயின. அந்த வாரமே சேனல் காணாமல் போனது. எட்டுப் பாட்டும் இப்போது சுஃப்யானிடம் மட்டும்தான்.

முதலில் வந்தவன் திருமூர்த்தி. எழவு வீட்டுக்குள் விடாமல், நான் அடித்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே நாள் முழுக்க நிற்கவைக்கப்பட்டவன்.

“ஒரு காப்பி குடுங்ணா. கேட்டுட்டிருக்கறதுக்கு மட்டுந்தானுங்க.”

சுஃப்யான் தலையைக் குனிந்துகொண்டார். “வாரிசு நீங்க இல்லீங்களே தம்பி. அவிங்கப்பா ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க.”

“சரிங்ணா” என்று போய்விட்டான். சண்டையாவது போட்டிருக்கலாம் பாவி.

பத்து நாள் கழித்து நஞ்சப்பன் வந்தார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தடுப்பில் மெத்தை விலகிய இடுக்கில் கண்ணை வைத்து நின்றேன்.

“ஏனுங் பாய், என்ற பையன் பாட்டு இருக்குதுங்களாமா?”

“இருக்குதுங்க. ஒரு தடவை கேட்டுப்போட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.”

ஹெட்போனை மாட்டி எட்டாவது பாட்டைப் போட்டார். பத்து விநாடி கூட ஆகியிருக்காது, பாட்டு தொடங்கும் முன்பே நஞ்சப்பன் அதைப் பிடுங்கி மேஜையில் போட்டார்.

“சாப்புட்டீங்களான்னு கேக்கறானே, அத மட்டும் என்ற போன்ல போட்டுக் குடுங்க. மத்ததெல்லாம் அழிச்சுப்போடுங்க.”

“பாட்டு நல்லாருக்குமுங்க…”

“ஊருக்குள்ள நடக்க முடியலைங்க பாய். உங்க கையப் புடிச்சுக் கேக்கறேன். வேற காப்பி இருக்குதுங்களா?”

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பீரோவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் எனக்கும் சுஃப்யானுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். நான் தடுக்கவில்லை, எனக்கென்ன உரிமை என்று நின்றுவிட்டேன்.

நஞ்சப்பன் போன பிறகுதான் கத்தினேன். “ஒரு பொய் சொல்லித் தொலையக் கூடாதுங்களாண்ணா?”

“பெத்தவருகிட்ட எப்புடி அம்மணி பொய் சொல்றது?” என்றார். பாட்டை அழித்த ஹார்ட் டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு அவர் பாட்டுப் பதிவே எடுப்பதில்லை. யாராவது பாடவேண்டும் என்று வந்தால், பாட்டெல்லாம் இப்ப எடுக்கறதில்லைங்க என்று திருப்பி அனுப்புகிறார். இறப்பு அறிவிப்பு மட்டும் நடக்கிறது.

போன வியாழன் சந்தைக்கு மாடு பார்க்க வந்த நஞ்சப்பன், எட்டு மாதம் கழித்து மறுபடியும் சுஃப்யான் கடைக்கு வந்தார்; நானும் அங்கே இருந்தேன். பாதியாக இளைத்திருந்தார். போனை மேஜைமேல் வைத்து அமுக்கினார்.

அப்பா, சாப்புட்டீங்களா? தேங்கா போட்டாச்சுங்களா? அப்புறம் ஒரு மூச்சு. அங்கே அறுந்துவிடும்.

“தெனமும் கேக்கறனுங்க. கடைசில ஒரு மூச்சு இழுக்கறான் பாருங்க. என்னமோ சொல்ல வாரான். அதுக்கப்புறம் என்ன பாடுனான் பாய்? அத ஒருக்கா போடுங்க.”

“நீங்கதானுங்க அழிக்கச் சொன்னீங்க.”

“சொன்னேன். எங்கியாச்சும் ஒண்ணு வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“இல்லீங்க.”

நஞ்சப்பன் போனை மறுபடி அமுக்கினார். மகன் மறுபடி சாப்பிட்டீர்களா என்று கேட்டான்.

“பாட்டு வேண்டாம். வார்த்தையாச்சும் சொல்லுங்க. மொத வார்த்தை என்னங்க?”

திருமூர்த்தி. சுஃப்யானுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் அவருக்கு மனப்பாடம். மத்தியானங்களில் தனியாக முணுமுணுப்பது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

“மறந்துபோச்சுங்க” என்றார் சுஃப்யான்.

பதினாறு வருஷப் பழக்கத்தில் அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. இரக்கத்தில் சொன்னாரா, வஞ்சத்தில் சொன்னாரா, நான் கேட்கவில்லை. நஞ்சப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். போனைச் சட்டைப்பையில் வைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, “வாரனுங்க” என்று பஸ்ஸுக்குப் போனார்.