ஜெனிஃபர் ஒழுங்குபடுத்திய அலமாரிகள்

ஒரு பொருள் இடம் மாறியிருந்தால் ஜெனிஃபருக்கு ஆகாது. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேரோடு வளர்ந்தவளுக்கு அது வியாதி இல்லை, பிழைக்கும் வழி. அந்த வீட்டில் தையல் மெஷினை ஒரு சாண் நகர்த்தினால் யாராவது ஒருவர் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். அம்மா லூசியம்மாள் அவளை 'சின்ன இன்ஸ்பெக்டர்' என்பாள். பத்து வருடம் டியூஷன் எடுத்து ஓய்ந்து, முப்பத்தோரு வயதில் வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோதும் இன்ஸ்பெக்டர் கூடவே போனார்.

ஆய்வு மாணவர்கள் மூன்று மாதம் வெளியே ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அவளுக்கு வாய்த்தது, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய சங்கக் கட்டடம். அதன் இரண்டாம் மாடியில் ஓர் அறை நிறையத் தமிழ்ப் புத்தகங்கள், ஆயிரத்து நூற்று நாற்பது. பட்டியல் கிடையாது. மாதத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். புத்தகங்களைப் பட்டியலிட்டு, அவற்றைப் பற்றி ஊருக்குச் சொல்லி, ஆட்களை வரவழைக்க வேண்டியது அவள் வேலை.

சங்கச் செயலாளர் பானுமதி, பேங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற செம்பூர்க்காரர். முழங்கால் வலியால் மாடி ஏறியே பல வருடமாகியிருந்தது. முதல் நாளே கீழே ஆபீஸில் உட்காரவைத்து விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். வேறெங்கும் இல்லாத ஏதாவது ஒன்று இந்தத் தொகுப்பில் இருப்பதாக அவளுடைய அறிக்கை காட்டினால் அறை தப்பும். இல்லாவிட்டால் அறை கோச்சிங் வகுப்புக்கு, புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு.

ஜெனிஃபரின் தமிழ், ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பில் படித்த தமிழ். மெதுவாகப் படிப்பாள், பிழையில்லாமல் படிப்பாள். நாலு அலமாரிகளையும் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கவிதைக்குப் பக்கத்தில் சமையல், துப்பறியும் கதைக்குப் பக்கத்தில் சித்த மருத்துவம். போதாததற்கு ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் காலண்டரிலிருந்து வெட்டிய வண்ணத்தாள் துண்டு, மஞ்சள், நீலம், சிவப்பு, பச்சை என்று. கிழிசலுக்கு யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஈரத்துணியால் ஊறவைத்து, உரித்து, வெள்ளை லேபிள் ஒட்டி, எண் எழுதி, பொருள்வாரியாக அடுக்கினாள். ஆறு வாரம் பிடித்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. போட்டோ எடுத்துத் தன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை வெயிலுமுத்து வந்தார். லேத் பட்டறையில் உழைத்து ஓய்ந்தவர், மாதம் ஒருமுறை உல்லாஸ்நகரிலிருந்து வருபவர். மேஜை மேலிருந்த புதுப் பட்டியலை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே நாலாவது அலமாரிக்குப் போய்க் கையை நீட்டியவர், நீட்டியபடியே நின்றார்.

"மஞ்சக் கலரு எங்க தாயி?"

அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்த அறையை இருபத்தெட்டு வருடம் பார்த்துக்கொண்டு, ஐந்து வருடம் முன்பு இறந்துபோன பேச்சிராஜா, புதிதாக வருபவரிடம் என்ன புத்தகம் பிடிக்கும் என்று கேட்க மாட்டாராம். எங்கே ரயில் ஏறுகிறீர்கள், உட்கார இடம் கிடைக்குமா என்றுதான் கேட்பாராம். மஞ்சள், உல்லாஸ்நகர்க்காரர்களுக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், இடமும் கிடைக்கும், ஆகவே தடித்த நாவல். நீலம், தேவ்நார்க்காரர்களுக்கு. இறங்குகிறவரை நின்றுகொண்டே வருகிறவர்கள், ஆகவே ஒற்றைக் கையில் பிடிக்க மெல்லிய புத்தகம், பெரிய எழுத்து. சிவப்பு, செம்பூரிலிருந்து ஆபீஸ் போகிறவர்களுக்கு. அரைமணி நேரப் பயணம், ஆகவே இறங்குவதற்குள் ஒன்று முடிகிற சிறுகதைகள். பச்சை, ரயிலே ஏறாத தாராவிக்காரர்களுக்கு. பட்டறையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கை வேலையை நிறுத்தாமல் கேட்பதற்கு.

"மண்டையில ஒண்ணுமில்லாத பய எவனோ கலச்சிப் போட்டுருக்கான்," என்றார் வெயிலுமுத்து.

ஜெனிஃபர் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவர் போன பிறகுதான் விஷயம் முழுதாக உறைத்தது. வேறெங்கும் இல்லாதது என்று அந்த அறையில் இருந்ததே அது ஒன்றுதான். அதைத்தான் தன் கையால் உரித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்தப் பூசணிக்காயை மறைக்க முடியும், சங்கடமே அதுதான். புத்தக முதுகில் என்ன இருந்தது என்று சங்கக் கமிட்டியில் யாருக்கும் நினைவிருக்காது. சுத்தமான பட்டியலைக் கொடுத்துவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

இரண்டு நாள் அதையே யோசித்தாள். மூன்றாம் நாள் உறுப்பினர் பதிவேட்டில் வெயிலுமுத்துவின் நம்பரைத் தேடிப் போன் போட்டு, கலைத்தது தான்தான் என்று சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"சரி, அழுது என்ன செய்ய? நோட்ட எடு," என்றார் அவர். "நான் படிச்ச மஞ்சப் புஸ்தகத்த வரிசையாச் சொல்லுதேன், எழுதிக்கோ."

இருபத்துமூன்று சொன்னார். அதன் பிறகு பதிவேட்டிலிருந்த எல்லா நம்பருக்கும் ஜெனிஃபர் போன் போட்டாள். பாதி நம்பர்கள் மாறியிருந்தன, சிலர் இறந்திருந்தார்கள். மற்றவர்கள் சனிக்கிழமைகளில் வந்தார்கள். முதல் மாதம் கிங்ஸ் சர்க்கிளில் அவள் ஒட்டிய போஸ்டர்களுக்கு ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அறையில் நிற்க இடமில்லை. தேவ்நாரிலிருந்து வந்த முப்பிடாதியம்மாள் ஒரு புத்தகத்தை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்து, கை நோகவில்லை, அப்போ இது நீலம்தான் என்று அடித்துச் சொன்னாள். இல்லை, பச்சை என்றார் இன்னொருவர். சண்டை போட்டார்கள், போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டும் போனார்கள்.

மூன்று மாதம் முடிந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களுக்கு நிறம் கிடைத்திருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவள் இப்படி எழுதினாள்: 'மீதி 728 நூல்களின் நிறம் தெரியவில்லை. அவற்றின் வண்ணத்தாள்களை அகற்றியவர் இப்பட்டியலைத் தொகுத்த சே. ஜெனிஃபர்.' அந்த வரி எதிர்காலத்துக்கு நல்லதில்லை, எடுத்துவிடு என்றார் பேராசிரியர். அவள் எடுக்கவில்லை.

கமிட்டி அந்த அறையிலேயே கூடியது. பானுமதி கம்பியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தார். அறிக்கையை வாசித்துக்கொண்டே போனவர் கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இந்த லைன் வேண்டாமே ஜெனிஃபர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எடுத்தா, அந்தப் புக்குக்கெல்லாம் மொதல்லயே கலர் இல்லன்னு ஆயிரும் மேடம்," என்றாள் ஜெனிஃபர். "நான் செஞ்சத மறைக்கப்போயி பேச்சிராஜா செஞ்சதும் இல்லாமப் போயிரும்."

கமிட்டி அரைமணி நேரம் பேசியது. கடைசியில் கோச்சிங் வகுப்புக்குக் கீழே இருக்கும் கூடத்தைக் கொடுப்பது, இந்த அறையைத் தொடுவதில்லை என்று முடிவானது. பானுமதி அந்த வரிக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகும் அவர் போகவில்லை. வெள்ளை லேபிள்கள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே அலமாரி அலமாரியாக மெதுவாக நடந்தார்.

"இருபது வருஷம் செம்பூர்ல ட்ரெய்ன் ஏறியிருக்கேன்," என்றார். "பேச்சிராஜா எடுத்துக் கொடுப்பார், வாங்கிட்டுப் போவேன். ஏன் எனக்கு எப்பவும் சிவப்புன்னு ஒருநாள்கூடக் கேட்டதில்ல."

மூன்று புத்தகங்களை உருவி மேஜை மேல் வைத்தார். "இது மூணும் சிவப்பு. எழுதிக்கோங்க."

சுத்தமாக டைப் அடித்திருந்த அந்தப் பக்கத்தில், ஜெனிஃபர் பேனாவால் 728-ஐ அடித்துவிட்டு 725 என்று எழுதினாள்.