சாப்பாட்டு மேசையில் ஒரு தாள்

குவைத்தின் மங்காஃபில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், காலேஜ் படிக்கும் என் மகள் ஆங்கிலத்தில் எழுதிய தாள் கிடந்தது. ‘நீ திரும்பி வராவிட்டால் நான் இருக்க மாட்டேன்.’ ஒரு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பரீட்சை பயம் என்றே நினைத்திருந்தேன். ஓடிப்போய் அவள் அறைக் கதவை இடித்தேன்.

ஹெட்போனைக் கழற்றியபடி திறந்தாள். “என்னம்மா, பில்டிங்கே இடிஞ்சிடும் போல?”

தாளை நீட்டினேன்.

“ஐயோ, இது நான் எழுதுற பாட்டும்மா, சோல்னு ஒரு இங்கிலீஷ் பாட்டு வகை! அதுல இப்படித்தான் கெஞ்சுவாங்க. பிரேக்கப் ஆனப்ப எழுதினது. நேத்து அவனே ஸாரி சொல்லிட்டான். இனி கடைசி வரியை மாத்தணும்.”

யார் அவன் என்று கேட்க வாயெடுத்தேன். “பாடிக் காட்டு” என்றுதான் வந்தது.

பாடினாள். ஒரு மாதமாக ‘சத்தத்தைக் குறை’ என்று நான் அதட்டியது இந்தக் குரலைத்தான். இப்போது அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.